ஒரே கொம்பியூட்டர், நாலு பேர்: மகனுக்கு மட்டும் இணையத்தை எப்படி மட்டுப்படுத்துவது?

கொக்குவில்_அம்மா எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு கொம்பியூட்டர். 2021இல் பள்ளிக்கூடங்கள் பூட்டியிருந்த நேரம், மூத்தவளின் சூம் வகுப்புக்காக என் காப்பை அடைவு வைத்து வாங்கியது. இன்றைக்கும் எல்லோரும் அதைத்தான் பாவிக்கிறோம். மகள் தரம் 11, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள், இரவு எட்டு மணிக்கு இணையத்தில் கணித வகுப்பு. இவர் கடைக் கணக்கை அதில்தான் போடுகிறார். மகன் தரம் 7, பன்னிரண்டு வயது.

போன செவ்வாய் இரவு தண்ணீர் குடிக்க எழும்பினேன். பன்னிரண்டரை இருக்கும். ஹோலில் லைற் இல்லை, ஆனால் சாமிப்படத்துக் கண்ணாடியில் நீலமாக ஏதோ ஆடிக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தால் மகன், கதிரையில் முழங்காலை மடித்துக்கொண்டு, காதில் ஹெட்போன். எங்கள் இணையப் பொதியில் நள்ளிரவுக்குப் பிறகு தனியாக டேட்டா கிடைக்கும், பகல் டேட்டா முடிந்தால் இவர் கத்துவார் என்பதால் அந்த நேரத்தைத் தெரிந்தெடுத்திருக்கிறான். விளையாடினது கூடப் பரவாயில்லை. விளையாட்டோடு வருகிற அரட்டைப் பெட்டியில் யாரோ ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியிருந்தார்கள்: எந்தப் பள்ளிக்கூடம், வாட்ஸ்அப் நம்பர் இருக்கிறதா, வீட்டில் சொல்லாதே.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. அந்த இடத்திலேயே கத்தினேன், அவன் அழுதான், ரவுட்டரைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அடுத்த நாள் மகளின் வகுப்பு போச்சு, கனடாவுக்குக் கதைக்க முடியாமல் மாமிக்கும் கோபம். ஒருவனை நிறுத்தப் போய் முழு வீட்டையும் நிறுத்திவிட்டேன். பாஸ்வேர்டை இதுவரை மூன்று தரம் மாற்றியாயிற்று, பக்கத்தில் நின்று என் விரல்களைப் பார்த்தே பிடித்துவிடுகிறான்.

மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் அவனுக்கு மட்டும் கட்டுப்பாடு போட வழி இருக்கிறதா? எனக்கு இதெல்லாம் பெரிதாகத் தெரியாது, தெரியாதவளுக்குச் சொல்வதுபோலச் சொல்லுங்கள்.

*

திருநெல்வேலி_ரிப்பெயர் எழுதியது:

அக்கா, நான் கொம்பியூட்டர் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன், இதே பிரச்சினையோடு மாதத்தில் இரண்டு மூன்று பேராவது வருவார்கள். கேட்காமலே தெரிகிறது, வீட்டில் எல்லோரும் ஒரே பெயரில்தானே உள்ளே போகிறீர்கள்? அங்கேதான் எல்லாம் பிழையாகிறது. ஒரே கணக்கு என்றால் யார் எவர் என்று கொம்பியூட்டருக்குத் தெரியாது, நீங்கள் போடுகிற தடை எதுவாக இருந்தாலும் ஒன்றில் எல்லோருக்கும் விழும், இல்லாவிட்டால் ஒருவருக்கும் விழாது. அதோடு அது பெரும்பாலும் நிர்வாகிக் கணக்காகத்தான் இருக்கும், விற்கிறபோது அப்படித்தான் போட்டுக் கொடுக்கிறார்கள். அந்தக் கணக்குக்குள் இருக்கிற பிள்ளை நீங்கள் போட்ட எதையும் கழற்றலாம்.

ஆகவே முதலில் ஆளுக்கொரு கணக்கு. நிர்வாகி என்று தனியாக ஒன்று, அதன் பாஸ்வேர்ட் உங்களுக்கும் அண்ணனுக்கும் மட்டும். ஆனால் நீங்கள் இருவருமே அதை அன்றாடம் பாவிக்கக் கூடாது. அண்ணனுக்குக் கணக்கு எழுத ஒரு சாதாரணக் கணக்கு, மகளுக்கு ஒன்று, மகன் தம்பிக்கு ஒன்று. நிர்வாகியின் பாஸ்வேர்டை எப்போதாவது ஏதும் மென்பொருள் போடும்போதுதான் தட்டவேண்டி வரும், அப்போது தம்பியை ரியூசனுக்கு அனுப்பிவிட்டுத் தட்டுங்கள். அன்றாடம் தட்டினால்தானே விரலைப் பார்த்துப் பிடிக்க முடியும்.

பிறகு தம்பியின் கணக்கை மைக்ரோசொப்டின் ஃபேமிலி சேப்டியில் சேர்க்க வேண்டும். காசு இல்லை. அவனுக்கென்று ஒரு மின்னஞ்சல், உங்களுக்கென்று ஒரு மின்னஞ்சல் இருந்தால் போதும். செற்றிங்ஸில் அக்கவுண்ட்ஸ் என்ற பகுதிக்குள் ஃபேமிலி என்று இருக்கிறது, அங்கே பிள்ளை என்று சேர்த்துவிட்டால் உங்கள் போனிலிருந்தே நாளுக்கு எத்தனை மணித்தியாலம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று வைக்கலாம். நேரம் முடிந்தால் அவனது கணக்கு மட்டும் பூட்டும். மகள் தன் கணக்கில் இரவு பத்து மணிக்கும் வகுப்பில் இருக்கலாம். இன்னும் நேரம் வேண்டுமென்றால் அவன் கேட்டு அனுப்புவான், அது உங்கள் போனுக்கு வரும்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு போடுங்கள். அதில் இருக்கிற இணையத்தள வடிகட்டி எட்ஜ் உலாவியில்தான் வேலை செய்யும். அதைப் போட்டவுடன் குரோம் போன்ற மற்ற உலாவிகளை அவன் கணக்கில் திறக்கவிடாது. குரோம் உடைந்துபோய்விட்டது என்று எனக்கு எத்தனையோ பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். உடையவில்லை, அப்படித்தான் அது.

*

மானிப்பாய்_அதிபர்_ஓய்வு எழுதியது:

பிள்ளை, பன்னிரண்டு வயதுப் பொடியனுக்கு இணையம் எதற்கு என்றுதான் நான் கேட்பேன். முப்பத்தொரு வருடம் படிப்பித்தவன் சொல்கிறேன், சாதாரண தரம் எழுதும்வரை அவனுக்கு அந்தப் பெட்டியைத் தொடவே கொடுக்கக் கூடாது. பொது நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது, சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போங்கள். பின்னேரம் மைதானத்துக்கு அனுப்புங்கள். எங்கள் காலத்தில் மின்சாரமே இல்லாமல் வருடக்கணக்கில் குப்பி விளக்கில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், கம்பஸுக்கும் போனார்கள். நேரம் குறித்துக் கொடுக்கிறோம், வடிகட்டிக் கொடுக்கிறோம் என்பதெல்லாம் பெற்றோர் தங்களைச் சமாதானப்படுத்திக்கொள்வதற்கு.

*

தென்மராட்சி_ரீச்சர் எழுதியது:

ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு, நூலகம், மைதானம் இரண்டுக்கும் நானும் கைதூக்குகிறேன். ஆனால் தரம் 7க்குத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் என்று ஒரு பாடமே இருக்கிறது, நான் அதைத்தான் படிப்பிக்கிறேன். ஒப்படை வாட்ஸ்அப் குழுவில் போகிறது. ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ் மூலப் பாடங்கள் இருக்கின்றன, பாடநூலைத் தொலைத்த பிள்ளைக்குக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலிருந்து இறக்கித் தரலாம், நூலகம் என்ற இணையத்தளத்தில் 2005இலிருந்து சேர்த்துவைத்த ஈழத்து நூல்களும் பத்திரிகைகளும் கிடக்கின்றன. வீட்டில் மறித்தால் அவன் நண்பனின் போனில் பார்ப்பான், அங்கே யார் பக்கத்தில் நிற்பது?

அக்கா, திருநெல்வேலித் தம்பி சொன்னது சரி, அதோடு என் வகுப்பில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு தாய் இலவசமாகக் கிடைத்த நேரக்கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்றைப் போட்டு, ஒன்பது மணிக்குப் பூட்டுகிற மாதிரி வைத்திருந்தார். விண்டோஸில் சாதாரணக் கணக்கிலிருந்து மணிக்கூட்டை மாற்ற விடாது, ஆனால் நேர வலயத்தை மாற்ற விடும். பிள்ளை அதை லண்டனுக்கு மாற்றிவிட்டான், பெரியப்பா அங்கே இருப்பதால் அங்கே நேரம் பிந்தித்தான் போகும் என்று தெரிந்திருக்கிறது. இங்கே இரவு ஒன்பது, கொம்பியூட்டருக்குப் பின்னேரம் மூன்றரை. அவனாகவே வந்து என்னிடம் பெருமையாகச் சொன்னான். எனக்கு உள்ளுக்குள் சந்தோசமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

விபிஎன் பற்றியும் யோசியுங்கள், மறித்த தளத்தைச் சுற்றுவழியில் திறக்கிற மென்பொருள் அது. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் அரசாங்கம் சமூக வலைத்தளங்களை மறித்தபோது இந்த நாட்டில் வீட்டுக்கு வீடு விபிஎன் போட்டோம். நானும் போட்டேன், என் அம்மாவின் போனிலும் போட்டுக் கொடுத்தேன். அதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்த பிள்ளைகள்தான் இவர்கள். தடை என்றால் சுற்றிப் போகலாம் என்பதை நாங்களே காட்டிக் கொடுத்திருக்கிறோம். ஆகவே மென்பொருள் பாதி வேலைதான் செய்யும் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

*

கொக்குவில்_அம்மா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தம்பி சொன்ன மாதிரிப் பார்த்தேன், ஒரே கணக்குத்தான், நிர்வாகி என்றுதான் இருக்கிறது. ஐந்து வருடமாக அப்படியே இருந்திருக்கிறது.

அதிபர் ஐயா சொல்வதும் மனதில் படுகிறது. ஆனால் மகன் அதில் கெட்டதுமட்டும் செய்யவில்லை. வளவுக்குள் கோழிக்கூடு அடிக்கிறதற்கு யூரியூப்பில் பார்த்து அளவெடுத்து, அவனும் இவருமாக அடித்தார்கள். அதைப் பறிக்க எனக்கு மனமில்லை.

இன்னொன்று. இவரின் நண்பர் ஒருவர், அவனுக்குத் தெரியாமல் ஒரு மென்பொருள் போடலாம், தட்டுகிற எழுத்தெல்லாம் உங்களுக்கு வந்துவிடும் என்கிறார். செய்யலாமா? யாரோ அந்த வாட்ஸ்அப் நம்பர் கேட்டதிலிருந்து எனக்கு நித்திரையே இல்லை.

*

கம்பஸ்_இரண்டாம்_வருடம் எழுதியது:

அன்ரி, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

எனக்கு அதைச் செய்தார்கள். உயர்தரம் படிக்கும்போது அப்பா அப்படி ஒன்றைப் போட்டிருந்தார், கூடாத நோக்கத்தில் இல்லை, பயத்தில்தான். நான் ஒரு சிநேகிதிக்கு என் வீட்டுச் சண்டையைப் பற்றி எழுதினேன், அடுத்த நாள் சாப்பாட்டு மேசையில் அப்பா என் வசனத்தை அப்படியே சொன்னார். சொல் மாறாமல். அந்தப் புட்டை என்னால் விழுங்க முடியவில்லை. அன்றைக்குப் பிறகு அந்தக் கொம்பியூட்டரில் படிப்பைத் தவிர ஒன்றும் செய்யவில்லை, அப்பா தன் திட்டம் வென்றுவிட்டது என்று நினைத்திருப்பார். நான் எல்லாவற்றையும் சிநேகிதியின் பழைய போனுக்கு மாற்றிக்கொண்டேன். பிறகு ஒருத்தன் என் படத்தை வைத்துக்கொண்டு என்னை வெருட்டினபோது வீட்டில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாலு மாதம் தனியாக வைத்திருந்தேன் அன்ரி, பதினேழு வயதில். கடைசியில் அக்காதான் என் முகத்தைப் பார்த்துப் பிடித்தாள்.

உங்கள் மகனிடம் யாரோ வீட்டில் சொல்லாதே என்று சொல்லியிருக்கிறார்கள். நீங்களும் அவனுக்குத் தெரியாமல் ஒன்றைச் செய்தால் அவன் எந்தப் பக்கம் நம்புவான்? என்ன தடை போடுகிறீர்களோ அதை அவன் முன்னாலேயே போடுங்கள். அவனையே பக்கத்தில் இருத்தி, இத்தனை மணிக்குப் பூட்டும், எந்தத் தளம் பார்த்தாய் என்பது எனக்குக் கிழமைக்கொருமுறை வரும், இன்னாருக்கு என்ன எழுதினாய் என்பது எனக்கு வராது என்று சொல்லுங்கள். எது தெரியும், எது தெரியாது என்பது இரண்டு பக்கமும் தெரிந்திருந்தால் அவனால் தாங்கிக்கொள்ள முடியும்.

*

தென்மராட்சி_ரீச்சர் எழுதியது:

தங்கச்சி எழுதினதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியாமல் இருந்தேன்.

அக்கா, அந்த அரட்டை விசயத்தைத் தள்ளிப்போடாதீர்கள், மென்பொருளுக்கு முன்னால் அதுதான். அந்த ஆளின் பெயரும் எழுதினவையும் தெரிகிற மாதிரித் திரையைப் படம் எடுத்து வைத்துவிட்டுப் பிறகுதான் தடுத்து முறையிட வேண்டும், முதலில் அழித்துவிட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. படம் கேட்டிருந்தாலோ, சந்திக்க வரச் சொல்லியிருந்தாலோ, வெருட்டியிருந்தாலோ 1929க்கு எடுங்கள், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் அது.

மகனிடம் கேட்கும்போது ஏன் கதைத்தாய் என்று தொடங்காதீர்கள். என்ன கேட்டான், நீ என்ன சொன்னாய் என்று மட்டும். நம்பரைக் கொடுத்திருந்தாலும் ஏசாதீர்கள். ஏச்சு விழும் என்று தெரிந்தால் பாதியைத்தான் சொல்வான்.

அந்த விளையாட்டுக் கணக்கில் அவன் பிறந்த வருடமாக என்ன கொடுத்திருக்கிறான் என்றும் பாருங்கள். என் வகுப்பில் கேட்டால் முக்கால்வாசிப் பேரும் 2000, 2001 என்று கொடுத்திருக்கிறார்கள். அப்படிக் கொடுத்தால் அந்த நிறுவனம் சிறுவர்களுக்கென்று வைத்திருக்கிற பாதுகாப்பு ஒன்றும் அவனுக்கு வராது, அவனை வளர்ந்தவன் என்றே எண்ணும்.

*

மெல்பேர்ண்_மாமா எழுதியது:

தங்கச்சி, நான் உரும்பிராய், இப்போது அவுஸ்திரேலியாவில். இங்கே 2025 டிசம்பர் 10இலிருந்து 16 வயதுக்குக் குறைந்தவர்கள் பேஸ்புக், இன்ஸ்ரகிராம், ரிக்ரொக், ஸ்னாப்சாற், யூரியூப் போன்றவற்றில் கணக்கு வைத்திருக்க முடியாது என்று சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. மீறினால் பிள்ளைக்கோ தாய் தகப்பனுக்கோ தண்டனை இல்லை, நிறுவனத்துக்குத்தான் அபராதம், 49.5 மில்லியன் டொலர்வரை போகலாம்.

நான் அதை வரவேற்றவன். என் மகளுக்கு 14, இன்ஸ்ரகிராம் போனதும் இரண்டு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள், பிறகு பழகிவிட்டாள், இரவில் நித்திரை கொள்கிறாள். ஆனால் நீங்கள் சொல்கிற விளையாட்டு அரட்டை அந்தச் சட்டத்துக்குள் பிடிபடவில்லை, ரோப்லொக்ஸ் என்ற விளையாட்டு அப்போது வந்த பட்டியலில் இல்லை. யூரியூப்பையும் கணக்கு இல்லாமல் பார்க்கலாம். சட்டம் இருக்கிற ஊரிலும் கொம்பியூட்டரை அறைக்குள் வைக்காமல் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். உங்களுடையது எங்கே, எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது?

*

கொக்குவில்_அம்மா எழுதியது:

அண்ணா, ஹோலின் மூலையில், திரை சுவரைப் பார்த்தபடி. குசினியிலிருந்து பார்த்தால் அவன் முகம்தான் தெரியும், திரை தெரியாது. இதை நான் யோசித்ததே இல்லை.

நேற்று மகனோடு கதைத்தேன். ரீச்சர் சொன்ன மாதிரி ஏசாமல் கேட்டேன். நம்பர் கொடுக்கவில்லை, பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறான். படம் எடுத்து வைத்து, தடுத்து, முறையிட்டாயிற்று. பிறந்த வருடம் 1999 என்று கொடுத்திருந்தான். புதுக் கணக்கு சரியான திகதியோடு தொடங்கி, அரட்டையைப் பூட்டி வைத்திருக்கிறோம். பழைய கணக்கில் இரண்டு வருடமாகச் சேர்த்த ஏதோ உடுப்புகளும் ஆயுதங்களும் போய்விட்டன என்று அழுதான், அதற்கு நான் சமாதானம் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்தேன்.

தம்பி, ஆபாசத் தளங்கள் வராமல் மட்டும் முழு வீட்டுக்கும் ஏதும் செய்யலாமா? மகளும் சரி, மாமியும் சரி, ஒருவருக்கும் அது வேண்டியதில்லைத்தானே. இன்னொன்று, ரவுட்டரை அலுமாரிக்குள் வைத்த அந்த இரண்டு நாளிலும் இவன் மாமியின் போனைக் கேபிளால் கொழுவி விளையாடியிருக்கிறான் என்று இப்போதுதான் சொன்னான்.

*

திருநெல்வேலி_ரிப்பெயர் எழுதியது:

செய்யலாம் அக்கா, இது அஞ்சு நிமிட வேலை. ரவுட்டருக்குள் போய் டிஎன்எஸ் என்ற இடத்தில் 1.1.1.3 என்றும் இரண்டாவதாக 1.0.0.3 என்றும் போடுங்கள். கிளவுட்ஃபிளேர் 2020இலிருந்து குடும்பங்களுக்கென்று தருகிற இலவச சேவை. ஒரு தளத்தின் பெயரை அடித்ததும் அது எந்த முகவரியில் இருக்கிறது என்று கேட்டுச் சொல்கிறதுதான் டிஎன்எஸ்ஸின் வேலை, இந்த இலக்கத்தில் கேட்டால் ஆபாசத் தளத்துக்கும் வைரஸ் தளத்துக்கும் முகவரி சொல்லாது. வீட்டு வைபையில் இருக்கிற எல்லாப் போனுக்கும் சேர்த்து வேலை செய்யும். அது பிடிக்கவில்லை என்றால் ஓபன்டிஎன்எஸ்ஸின் 208.67.222.123, 208.67.220.123 இரண்டையும் போடலாம்.

இது தளத்தை முழுதாகத்தான் மறிக்கும். யூரியூப்புக்குள் எந்த வீடியோ நல்லது, எது கூடாதது என்று இதற்குத் தெரியாது, அதற்கு யூரியூப்பின் கட்டுப்பாட்டு முறையைத் தனியாகப் போட வேண்டும். சில ரவுட்டர்களில் டிஎன்எஸ்ஸை மாற்ற விடமாட்டார்கள், அப்படியென்றால் கொம்பியூட்டரிலேயே போடுங்கள், சாதாரணக் கணக்கிலிருந்து அதை மாற்ற முடியாது. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கிற ஸ்ரிக்கரில் அதன் நிர்வாகிப் பாஸ்வேர்ட் அச்சடித்திருக்கும், அதை மாற்றாமல் விட்டால் தம்பி கவிழ்த்துப் பார்த்துக்கொண்டு உள்ளே போவான்.

மாமியின் போன் பெரிய ஓட்டைதான். கேபிளால் கொழுவினால் ரவுட்டரில் போட்டது ஒன்றும் பிடிக்காது, போனின் சொந்த இணையம் அது. ஆனால் தம்பியின் கணக்கிலேயே நேரம் போட்டிருந்தால் இணையம் எங்கிருந்து வந்தாலும் நேரம் முடியப் பூட்டும். அதனால்தான் முதலில் கணக்கு, பிறகு ரவுட்டர் என்று சொன்னேன். மாமியின் போனுக்கு ஒரு பின் இலக்கம் போட்டுக் கொடுங்கள்.

*

மானிப்பாய்_அதிபர்_ஓய்வு எழுதியது:

கம்பஸ் பிள்ளை எழுதினதை இரண்டு தரம் வாசித்தேன். என் பேரனுக்கு பதின்மூன்று. அவன் தகப்பனிடம் அப்படி ஏதும் மென்பொருள் போட்டிருக்கிறானா என்று இன்றைக்குக் கேட்கப் போகிறேன். கொம்பியூட்டரே வேண்டாம் என்று நான் சொன்னதில் இன்னும் நிற்கிறேன், ஆனால் கொடுக்கிறதென்றால் ஒளிக்காமல் கொடுக்க வேண்டும்.

*

கொக்குவில்_அம்மா எழுதியது:

மூன்று கிழமை ஆயிற்று, சொல்லாமல் விடக் கூடாது என்று வந்தேன்.

கணக்குகளைப் பிரித்தாயிற்று. மகன்தான் எனக்குப் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாக அழுத்தினான், பாஸ்வேர்ட் போடும் இடத்தில் மட்டும் தானாகவே எழும்பி விறாந்தைக்குப் போய் நின்றான். பள்ளிநாளில் ஒரு மணித்தியாலம், சனி ஞாயிறு இரண்டு, இரவு எட்டுக்குப் பிறகு இல்லை. சனிக்கிழமை இரண்டரை வேண்டும் என்று வாதாடினான், நூலகத்துக்குப் போகிற கிழமையில் இரண்டரை என்று முடிந்தது. மேசையைத் திருப்பிப் போட்டோம், இப்போது குசினி வாசலில் நின்றால் திரை தெரிகிறது. இவருக்கு வெளிச்சம் முகத்தில் அடிக்கிறதாம், ஒரு திரைச்சீலை தைத்துப் போட்டேன்.

எல்லாம் சரியாகப் போகிறது என்று சொல்லமாட்டேன். முதல் கிழமை நேரம் முடிந்து பூட்டினபோது விசைப்பலகையில் குத்தினான், ஒரு எழுத்து கழன்றுவிட்டது. ஒருநாள் அக்காவின் கணக்குக்குள் போயிருந்தான், அவள்தான் தன் பாஸ்வேர்டைக் கொடுத்திருக்கிறாள், பாவம் பார்த்து. அவளோடும் கதைக்க வேண்டி வந்தது.

முந்தாநாள் பின்னேரம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன், போனில் மணி அடித்தது, பதினைந்து நிமிடம் கூடத் தரும்படி அவனுடைய கோரிக்கை. பத்தடி தள்ளி இருந்துகொண்டு அனுப்பியிருக்கிறான். இங்கே வந்து கேள் என்றேன். வந்தான், வந்து துருவலில் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அம்மா, அந்த ஆள் வேறு பெயரில் வந்து நண்பனாகச் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறான், நான் சேர்க்கவில்லை, வந்து பாருங்கள் என்றான். கையைக் கழுவாமலே போனேன். படம் எடுத்து, முறையிட்டு, தடுத்தோம். இந்த முறை 1929க்கும் எடுத்துச் சொன்னேன்.

தம்பி, கொம்பியூட்டரில் விண்டோஸ் 10தான் இருக்கிறது, புதியதுக்கு மாற்றச் சொல்லி ஏதோ வந்துகொண்டே இருக்கிறது. அதை மாற்றினால் இந்தக் கணக்குகள் எல்லாம் போய்விடுமா?

*

திருநெல்வேலி_ரிப்பெயர் எழுதியது:

போகாது அக்கா. விண்டோஸ் 10க்கு வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்ரோபர் 14ஓடு நின்றுவிட்டன, அதனால்தான் அப்படி வருகிறது. உங்கள் பெட்டி 11ஐத் தாங்குமா என்று திறந்து பார்த்துத்தான் சொல்லலாம். சனிக்கிழமை பின்னேரம் கொண்டு வாருங்கள், அண்ணனின் கடைக் கணக்கை முதலில் ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டு. தம்பியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அந்தக் கழன்ற எழுத்தை அவனையே போட வைப்போம்.